மாரடிக்காமல் தட்டுவது எப்படி

1

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லப் பிறகு சுலபமாக இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்னால், இங்கிலாந்தின் வடக்கே நான் குடியிருக்கும் ஊரில், ஒரு மருத்துவமனையின் பின்பக்க அறையில், அதுவரை பார்த்தே இராத ஒரு பெண்மணியின் முன்னால், அவர் கேட்காமலேயே சட்டையையும் பனியனையும் நெஞ்சுவரை சுருட்டிக்கொண்டு, அங்கே கிடந்த சோபாவில் மல்லாந்து படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. காலடியில் ஒரு பை. அதில் கைலி, பல் தேய்க்கும் பிரஷ், மாற்று உள்ளாடை, படுத்துக் கிடக்கும் நாட்களுக்கென்று ஒரு தடிமனான புத்தகம்.

பிறகு அந்த அம்மாள் மிக நிதானமாக, வயிற்றில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டார். தொந்தரவு இல்லை, ஊசி குத்த உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் என்றேன். எந்த ஊசி என்றார். டேப்பிங் செய்கிற ஊசி என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து என் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னிடம் இருப்பது இவ்வளவுதான்," என்றார்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். எழுபதுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, என் சித்தப்பாவுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. இராமநாதபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, டேப் பண்ணணும் என்றார். ஊசியைக் குத்திக் குழாய் வழியாக நீரை வடிப்பது. எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்த முதல் ஆங்கில மருத்துவச் சொல் அதுதான். அதற்கப்புறம் சித்தப்பா, சந்தைக்குப் போகிறவர் மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டேப்பிங் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் வயிறு வற்றித் திரும்பி வருவார். ஒரு தடவை திரும்பி வரவில்லை.

ஆகவே மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு டேப்பிங், சரிதானே என்று பாடுகிற குரலில் கேட்டபோது, எனக்கும் எங்கேயோ நீர் கோத்துக்கொண்டது, அதை மருத்துவர்கள் என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். விளக்கம் கேட்டிருக்கலாம். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தவன், இங்கிலீஷில் வருகிற நாளிதழை எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதற்காகவே வாங்குகிறவன், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பதாவது. சரி என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன்.

போன வாரம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மூக்கு வழியாகக் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். காத்திருக்கும் கூடத்தில் ஓர் இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். சுற்றியிருந்தவர்கள் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்கள். நான் மட்டும், ஒரு பழைய நாயனக்காரர் புதியவனைக் கவனிப்பது போல, கொஞ்சம் வேகம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதே தீர்மானித்தேன், நான் வேடிக்கைக் கதை எழுதும் ஊர்ப் பத்திரிகைக்கு இதையும் எழுதிவிடுவதென்று.

2

எனக்கு வந்தது குரல்வளையில் ஒரு சிறிய கட்டி. முதலில் குரல் கரகரத்தது. தொலைபேசியில் ஊர்க்காரர்களோடு அரசியல் பேசிப் பேசித் தொண்டை தேய்ந்துவிட்டது என்பது என் மனைவி செல்வியின் கருத்து. டாக்டர் வேறு பெயர் சொன்னார். ஆரம்ப நிலைதான், கதிர்வீச்சு கொடுத்தால் போய்விடும், குரலும் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். கதிர்வீச்சு முடியாவிட்டால் அறுவை. அறுவையிலும் கட்டி போகும், ஆனால் குரலுக்கு நான் பொறுப்பில்லை என்றார்.

குரல் போனால் என்ன என்று கேட்பவர்கள் என்னை அறியாதவர்கள். நகர மன்ற அலுவலகத்தில் குப்பை வண்டிகளுக்கு வழித்தடம் போடுகிற வேலை எனக்கு. அதில் யாரும் என்னை மதித்துத் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் இங்கேயுள்ள தமிழர் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் நான் வேறு ஆள். பொங்கல் விழாவில் என் பேச்சுக்கு முன்னால் சாப்பாடு போட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று பேச்சுக்குப் பின்னால் போட்டார்கள். அதை என் பேச்சுக்குக் கிடைத்த கௌரவம் என்று பல வருடம் நம்பினேன். ஆக, இருந்த ஒரே சொத்து அந்தக் குரல்.

கதிர்வீச்சுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தலை இம்மியும் அசையக் கூடாது. அதற்காக ஒரு முகமூடி செய்கிறார்கள். சல்லடை போன்ற பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் ஊறவைத்து, இடியாப்பத் தட்டைச் சூட்டோடு கவிழ்க்கிற மாதிரி முகத்தில் கவிழ்த்துத் தோள்வரை அழுத்துகிறார்கள். ஆறினால் அது உங்கள் முகமாகவே இறுகிவிடும். பிறகு அதன் ஓரங்களை மேசையோடு சேர்த்து மாட்டுவார்கள். அந்தப் பிடிகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விழும் சத்தம் காதருகில் கேட்கும்.

செய்யும்போது சமாளித்தேன். மாட்டும்போது முடியவில்லை. மூச்சுக்கு இடம் இருந்தது. ஆனால் அந்தச் செய்தி மூச்சுக்குப் போய்ச் சேரவில்லை. "எடுங்க, எடுங்க" என்று கத்தினேன். கதிர்வீச்சுப் பிரிவில் இருந்த மூன்று ஆங்கிலேயர்களுக்கும் அன்று தமிழ் உடனே புரிந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுத்தால் டக் என்ற சத்தம் கேட்டது. தூக்கம் போனது. சாப்பாடு மண்ணாக இருந்தது. பகலெல்லாம் சோபாவில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தேன். நகைச்சுவைக்காரனுக்கு மனச்சோர்வு வந்தால் வீட்டில் யாரும் முதலில் நம்புவதில்லை. அவர் அடுத்த கதைக்கு யோசிக்கிறார் என்று செல்வி யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். இன்னொரு முறை முயற்சி செய்வோம், அதிலும் முடியாவிட்டால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்ததும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே ஓர் அம்மாள் இருக்கிறார், பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் ஒரு முறை சொல்லித்தருகிறார், சிலருக்கு உதவுகிறது, உங்கள் பெயரைப் போட்டுவைக்கட்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். முறைக்குப் பெயர் என்ன என்று கேட்கவில்லை. அதன் பலனைத்தான் முதல் பத்தியில் பார்த்தீர்கள்.

3

அந்த அம்மாளின் பெயர் மார்கரெட். பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். செய்முறை மிக எளிது. உள்ளங்கையின் ஓரம், உச்சந்தலை, புருவம் தொடங்கும் இடம், கண்ணின் ஓரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடைக்குழி, நெஞ்சுக்கு மேலே காறை எலும்பு, அக்குளுக்குக் கீழே என்று வரிசையாக இரண்டு விரலால் மெல்லத் தட்ட வேண்டும். ஆங்கிலத்தில் தட்டுவதற்கும் டேப்பிங் என்றுதான் பெயராம். தட்டும்போது எதற்குப் பயப்படுகிறோமோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். உடம்பில் ஓடும் சக்தி நாளங்கள் என்று சிலர் விளக்குவார்கள், நான் தலையாட்டிக்கொள்வேன், எனக்குத் தெரியாது என்றார். அந்தப் பதிலால்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது. தெரியாது என்று சொல்கிற ஆளை நான் ஆன்மிகத்திலும் மருத்துவத்திலும் அதற்கு முன் சந்தித்ததில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து தட்ட ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. மார்கரெட்டுக்கு இந்த இடங்கள் எல்லாம் காலி மனை. நமக்கு ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உச்சந்தலையில் தட்டுவது என்பது பையன் பரீட்சையில் தோற்றதற்கும் மருமகன் குடித்துவிட்டு வந்ததற்கும் தலையில் அடித்துக்கொள்வது. நெற்றிப் பக்கம் விரல் போனால், அது தானாகவே மடங்கிக் குட்டாகிவிடுகிறது. உப்பூர்ப் பிள்ளையாரை அறிந்த கை அது. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில்: சாமி குற்றம், மன்னிப்பு. மூக்குக்குக் கீழே, வாயில்: சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம். ஒரு சுற்றுத் தட்டி முடித்தால், விதியை நொந்து, பிள்ளையாரை வணங்கி, மன்னிப்புக் கேட்டு, சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பேன். இத்தனை வேலைக்கு நடுவில் மனசு எங்கே அமைதியாவது.

காறை எலும்பை விட்டுவிட்டேனே. அதற்குத்தான் வருகிறேன்.

4

சனிக்கிழமை மத்தியானம். ஊரில் அக்காவோடு பேசி முடித்து ரிசீவரை வைத்துவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தட்டத் தொடங்கினேன். கண் மூடியிருந்தது. உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. விரல் இரண்டும் போதவில்லை என்று பட்டதால் முழுக் கையாலும் மார்பின் மேல்பக்கம் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் செல்வி இந்தியக் கடையிலிருந்து பைகளோடு உள்ளே வந்தாள்.

பைகள் விழுந்த சத்தம் கேட்டது.

"யாருங்க?" என்றாள். "ஊர்ல யாரு போய்ட்டாக?"

சுற்றை நடுவில் நிறுத்தக் கூடாது என்று மார்கரெட் சொல்லியிருந்தார். ஆகவே கண்ணைத் திறக்காமல், பொறு என்று கையைக் காட்டினேன். துக்கத்தில் தொண்டை அடைத்துப் பேச்சு வராதவன் காட்டுகிற கையும் அதேதான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"மதினியா? அண்ணனா? சொல்லுங்க."

மதினி என்றால் என் அக்கா, அண்ணன் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நான் கண் திறந்தபோது அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தாள். யாரும் சாகவில்லை, இது சிகிச்சை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பாதி அழுகை முடிந்துவிட்டது. மீதியை வீணாக்காமல் கோபமாக என்மேல் செலவழித்தாள்.

எங்கள் பக்கத்தில் மார்பில் அடித்துக்கொள்வதற்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு. அது சாவு வீடு. பெண்கள் வட்டமாகக் கூடி அழும்போது மாரடிப்பார்கள். வேறு எதற்காகவும் அந்த இடத்தில் கை வைத்துத் தட்ட மாட்டார்கள். தொண்டையில் கட்டியோடு ஒருவன் இருக்கும் வீட்டில், அவனே உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவள் என்ன நினைப்பாள்.

"உசுரோட மனுசன் இருக்கிற வீட்ல மாரடிக்கிறீகளே, நல்லாருக்கா இது?" என்றாள். "அது என் வேலைங்க. அதையும் நீங்களே செஞ்சுட்டா நான் எதுக்கு இருக்கேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சடாரென்று வாயில் அடித்துக்கொண்டாள். கவனியுங்கள், அது மூக்குக்குக் கீழே உள்ள புள்ளி.

நோய் வந்து அத்தனை நாளில் நாங்கள் இரண்டு பேரும் அந்த விஷயத்தைப் பேசியதில்லை. நான் இல்லாமல் போவது என்பதை. அது தற்செயலாக, கோபத்தில், மளிகைப் பைகளுக்கு நடுவில் வந்து விழுந்தது. விழுந்ததை எடுத்து வைக்க இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே, மற்ற இடத்திலெல்லாம் தட்டிக்கோங்க, மார்ல மட்டும் வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

அடுத்த செவ்வாய் மார்கரெட்டிடம் இந்தத் திருத்தத்தைச் சமர்ப்பித்தேன். காரணத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள், கெட்டது ஒன்றும் வராது என்றார். பிறகு, உங்கள் மனைவி எப்படித் தூங்குகிறார் என்று கேட்டார். அந்தக் கேள்வியை எந்த டாக்டரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

5

இரண்டாவது சிக்கல் வாக்கியத்தில். தட்டும்போது சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இந்தப் பயம் எனக்கு இருந்தாலும், என்னை நான் ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்." ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, விமான நிலைய அறிவிப்பு மாதிரி. என் பயத்துக்கு அது எட்டவில்லை. நான் ஆங்கிலம் கற்றேனே தவிர, என் பயம் இராமநாதபுரத்தைத் தாண்டிப் படிக்கவில்லை.

எழுத்துத் தமிழில் சொன்னால் பதவிப்பிரமாணம் எடுக்கிற மாதிரி இருந்தது. பேச்சுத் தமிழில் எப்படிச் சொல்வது? என்னை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதை வேறு யாராவதுதான் செய்ய வேண்டும், பெண் வீட்டார் போல.

எங்கள் மகள் மதிக்கு அப்போது பதினேழு வயது. இங்கே பிறந்தவள். அவளுடைய தமிழ் முழுவதும் சமையலறைத் தமிழ்: வேணும், வேணாம், காரம், போதும். கொஞ்ச நாளாக என்னோடு அதையும் குறைத்திருந்தாள். அறைக்கதவு சாத்தியிருக்கும். நோயைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கவலையில்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பேச்சுக்கு ஒரு சாக்காக இருக்கட்டும் என்று இந்த வாக்கியத்தை எளிய தமிழில் மாற்றித்தரச் சொன்னேன். ஆர்வமாக யோசித்து, "பயமா இருந்தாலும் நான் என்னை ஏத்திக்கிறேன்" என்று தந்தாள்.

ஏத்துக்கிறேன் என்று வர வேண்டும். ஏத்திக்கிறேன் என்றால் மூட்டையை லாரியில் ஏற்றுகிற விஷயம். திருத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் நான் என்னை ஏற்றிக்கொண்டே இருந்தேன். எங்கும் போய் இறங்கவில்லை.

தீர்வு அடுப்படியிலிருந்து வந்தது. மறுபடி முகமூடி மாட்டும் நாளுக்கு முந்தின சாயங்காலம், பயமா இருந்தாலும், பயமா இருந்தாலும் என்று வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். செல்வி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"பயமாத்தான இருக்கு? இருந்துட்டுப் போகுது, விடுங்களேன். அதுக்கு எதுக்கு இவ்வளவு இழுவை?"

அவள் போய்விட்டாள். மார்கரெட்டின் நீண்ட வாக்கியம் சொல்ல வந்தது இதுதானே. நம்மிடம் இரண்டு உண்டு. தொலைந்ததற்குப் போயிட்டுப் போகுது. தொலையாததற்கு இருந்துட்டுப் போகுது. இருப்பதற்கும் போகுது, போவதற்கும் போகுது. ஒரு விஷயம் இருக்கட்டும் என்று சொல்லும்போதே அதை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற மொழியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. இருந்துட்டுப் போகுது என்று சொன்னால் போதும். புருவத்தில் தட்டிச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவையாகக் கொட்டாவி வந்தது.

6

மறுநாள் பாதி மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். இதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் யாராவது தட்டியே குணமாயிற்று என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. கட்டியைக் கரைத்தது கதிர். தட்டல் செய்தது, நான் மேசையில் படுத்திருக்க உதவியது மட்டும். அதுவும் தட்டலா, மாத்திரையா, செல்வியின் அலுப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான்.

முகமூடிக்குள் முகத்தைத் தட்ட வழியில்லை. விரல் நுனிகளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தட்டலாம் என்று மார்கரெட் சொல்லித்தந்திருந்தார். கழுத்து அசையாதவரை விரல் அசைந்தால் பரவாயில்லை என்று அந்தப் பிரிவின் பெண்ணும் அனுமதித்தார். பாட்டு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். டக். பயமாத்தான் இருக்கு. டக். இருந்துட்டுப் போகுது. டக், டக்.

பயம் போகவில்லை. போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரிலிருந்து வந்து, எப்போது கிளம்புகிறேன் என்று சொல்லாத சொந்தக்காரர் மாதிரி மார்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. அதற்குள் கதிர் முடிந்து, வெளியே போயிருந்த எல்லாரும் உள்ளே வந்து பிடிகளைக் கழற்றினார்கள்.

சனி, ஞாயிறு நீங்கலாகத் தினமும், பல வாரம் இப்படிப் போனது. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. படுக்கையில் நான் தட்டித் தட்டித் தூங்கிவிடுவதாகவும், கட்டில் ஆட்டத்தில் தனக்குத் தூக்கம் போய்விடுவதாகவும் செல்வி புகார் சொன்னாள். மார்கரெட் கேட்ட கேள்விக்குப் பதில் அப்படித்தான் கிடைத்தது. அவளையும் தட்டச் சொன்னேன். எனக்கு ஒண்ணுமில்ல என்றாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது ஈரக்கையின் ஓரத்தை மற்றக் கையால் தட்டிக்கொண்டு நிற்பதை ஒரு நாள் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நடுவில் குரல் முழுவதுமாகப் போனது. போகும், வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வரும் என்கிற பாதி எனக்கு மறந்துவிட்டது. தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்குவதே வேலையாக இருந்தது. அந்த நாட்களில் விரலைத் தூக்கவும் மனமில்லை. சொல்ல வாயும் இல்லை. ஒரு மாலை சோபாவில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். மதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வழக்கம்போல் மாடிக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஓரத்தில் தட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பதிலாக அவளே சொன்னாள்.

"பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகுது."

சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத முழுத் தமிழ் வாக்கியம் ஒன்றை அவள் தானாக, பிழையில்லாமல் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. உச்சரிப்பு அசல் எங்கள் ஊர். யார் பயத்தைச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குக் குரல் இல்லை. நல்லதுதான். இருந்திருந்தால் ஏதாவது நகைச்சுவை சொல்லிக் கெடுத்திருப்பேன்.

7

குரல் வந்தது. பழைய குரலின் தம்பி மாதிரி ஒன்று, சற்று மெலிந்தது. வந்ததும் முதல் காரியமாக ஊருக்குப் போனோம்.

அக்கா எனக்காக உப்பூர்ப் பிள்ளையாருக்கு வேண்டுதல் வைத்திருந்தாள். வெயிலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையார் முன்னால் சிதறுகாய் விட்டுக் குட்டிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கம் கூடியது. என்ன வைத்தியம் பார்த்தாய் என்று கேட்டார்கள். விடுவேனா. டேப்பிங்கில் தொடங்கி, முகமூடி வழியாக, எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக் காட்டி, செல்வி முறைத்ததால் காறை எலும்பை மட்டும் விட்டு, முழுக் கதையையும் சொன்னேன். கூட்டத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், இதெல்லாம் நம்ம முன்னோர் கண்டுபிடித்ததுதான், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான் என்றார். நம் முன்னோர் நிம்மதியாகத் தூங்கினார்களா என்று விசாரிக்க ஆளில்லை. அக்கா, மூட்டு வலிக்கு இது கேட்குமா என்று கேட்டாள். பயத்துக்குத்தான் என்றேன். பயமெல்லாம் எனக்கில்ல, மூட்டுதான் என்று எழுந்து போனாள்.

அக்காவின் வீட்டுக்காரரான மச்சான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வயலில் மிளகாய் போட்டிருக்கிற சம்சாரி அவர். பேசினால் எண்ணிப் பேசுகிறவர். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டபோது தொலைபேசியில் அவரால் பேச முடியாமல் ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட்டதாக அவள் பின்னால் சொன்னாள். நான் பேசி முடிக்கும்வரை, நடுவில் விளக்கு வைத்து, ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போய், சோறு பரிமாறுகிறவரை, அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் போய்விடுமோ என்று நான் நடுங்கிய கட்டத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

இலையில் உட்கார்ந்த பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"குரலு போயிருமோன்னு நீ பயந்து கெடந்த, சரி மாப்ள. வந்துருமோன்னு இங்கன நான் பயந்தேனே, அதுக்கு எங்கன தட்டணும்?"